பங்கை 'வாடகைக்கு' விடலாமா? கவர்டு கால் கணக்கு

சமீபமா அடிக்கடி வர்ற கேள்வி இது: "கையில இன்ஃபோசிஸ் ஷேர் சும்மா கிடக்கு. அது மேல கால் ஆப்ஷன் வித்தா மாசா மாசம் வருமானம் வருமாமே?" வரும். ஆனா அந்தப் பணம் எதுக்காக நம்ம கைக்கு வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு இறங்கணும். இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

ஒரு மனை விற்பனையை யோசிங்க. மூணு மாசத்துக்குள்ள இந்த விலைக்குத் தரேன்னு அக்ரிமென்ட் போட்டு, டோக்கன் அட்வான்ஸ் வாங்கறீங்க. விலை ஏறினா, அவர் பழைய விலைக்கே கிரயம் பண்ணிக்குவார். இறங்கினா, அட்வான்ஸை விட்டுட்டுப் போயிடுவார். விலை குறைஞ்ச மனை உங்க கையிலேயே நிக்கும். கால் ஆப்ஷன் விக்கறதும் இதேதான். அட்வான்ஸுக்குப் பேரு பிரீமியம். பேசின விலைக்குப் பேரு ஸ்ட்ரைக். பங்கைக் கையில வச்சுக்கிட்டு விக்கறதால இது கவர்டு கால்.

இப்போ கணக்கு. புரியறதுக்காக முழு எண்களா எடுத்துக்கறேன். ஒரு பங்கு 1,500 ரூபாய். ஒரு லாட் 400 பங்கு. ஆக, 6 லட்சம் ரூபாய் முதல். 1,600 ஸ்ட்ரைக் காலை 20 ரூபாய்க்கு விக்கறீங்க. 8,000 ரூபாய் வந்துடும்.

விலை அசையலன்னா 8,000 சுத்தமா உங்களுக்கு. சந்தோஷம்.

விலை 20 சதவீதம் ஏறி 1,800 ஆச்சுன்னா? நீங்க 1,600-க்குத்தான் கொடுக்கணும். பங்குக்கு 100 ரூபாய் வீதம் 40,000, பிரீமியம் 8,000, மொத்தம் 48,000 லாபம். எதுவும் விக்காம சும்மா இருந்திருந்தா 1,20,000.

அதே 20 சதவீதம் இறங்கி 1,200 ஆச்சுன்னா? 1,20,000 நஷ்டம். பிரீமியத்தைக் கழிச்சா 1,12,000.

கவனிச்சீங்களா? ஏறினா 48,000. இறங்கினா 1,12,000. மேல போற வழியை வித்துட்டோம், கீழ போற வழி அப்படியே திறந்திருக்கு. அந்த 8,000, மேல் பக்கத்தை வித்ததுக்கான விலை. அதனாலதான் 'வாடகை'ங்கிற வார்த்தை எனக்கு உறுத்துது. வாடகைக்கு விட்டா வீடு நம்ம பேர்லதான இருக்கும்?

"இன்ஃபோசிஸ் மாதிரி பெரிய கம்பெனி ஒரே அடியா 20 சதவீதம் விழுமா?"ன்னு கேப்பீங்க. 2013 ஏப்ரல் 12 அன்னைக்கு, காலாண்டு முடிவு வந்த அந்த ஒரே நாள்ல, 20 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. நம்ம உதாரணத்துல அது 15 மாச பிரீமியம். ரிசல்ட் வாரத்துல பிரீமியம் கொழுத்து இருக்கறதுக்குக் காரணமே இந்த பயம்தான்.

நம்மள மாதிரி ஐடி ஆளுங்களுக்கு இன்னொரு விஷயம். சம்பளமும் ஐடி, பங்கும் ஐடி. துறை சரியும்போது ரெண்டும் சேர்ந்து ஆடும். இந்த 8,000-ஐ நம்பி இஎம்ஐ போடாதீங்க. வேலையை விடறது பத்தி யோசிக்கவே வேண்டாம்.

பங்கே இல்லாம கால் விக்கறது வேற கதை. விலை 2,000 போனா 1,52,000 நஷ்டம். அதுக்கு மேலயும் எல்லையே கிடையாது. இந்தியாவுல பங்கு ஆப்ஷன்கள் எல்லாம் இப்போ பிசிக்கல் செட்டில்மென்ட். எக்ஸ்பைரில ஸ்ட்ரைக்கைத் தாண்டியிருந்தா நிஜப் பங்கைக் கொடுத்தாகணும். 2024 செப்டம்பர்ல வந்த செபி ஆய்வு, அதுக்கு முந்தின மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதா சொல்லுது. வாங்கினவங்க, வித்தவங்க எல்லாரும் அதுல அடக்கம்.

வரியையும் மறந்துடாதீங்க. இது தொழில் வருமானக் கணக்குல வரும். சம்பளக்காரங்க வழக்கமா போடற ஐடிஆர்-1 இதுக்குச் செல்லாது.

அப்போ கவர்டு கால் யாருக்கு? "1,600 வந்தா எப்படியும் வித்துடுவேன், வராட்டி இன்னும் நாலு வருஷம் வச்சிருப்பேன், நடுவுல விழுந்தாலும் தூக்கம் கெடாது"ன்னு மனசார சொல்றவங்களுக்கு. அந்த பங்கு 1,800 போறதைப் பாத்து வயிறு எரியும்னா, விக்காதீங்க. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியை ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க.

நான் செபில பதிவு பண்ண ஆலோசகர் இல்ல. இது புரிஞ்சுக்கறதுக்கான பேச்சு மட்டும்தான். அடுத்த எபிசோட்ல, பங்கை வாங்கறதுக்காகவே புட் ஆப்ஷன் விக்கறதைப் பாக்கலாம். கேள்விகளை அனுப்புங்க.