சாம்பல் மூடி

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிளஸ் டூ முடித்துவிட்டு லேப் டெக்னீஷியன் டிப்ளமோவில் சேர்ந்தாள். "ரத்தம் எடுக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டவன்தான் நானும். படிக்காதவனுக்கு எல்லாமே சுலபம்!

"மாமா, சர்க்கரை டெஸ்டுக்கு எந்தக் கலர் மூடி போட்ட டியூப்?" என்றாள்.

விழித்தேன்.

சாம்பல் நிறமாம். உள்ளே சோடியம் ஃபுளோரைடு இருக்கும். உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை. டியூபுக்குள்ளேயே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். சாதாரண டியூபில் அப்படியே வைத்துவிட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சர்க்கரை உள்ளவருக்கும் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்துவிடலாம். அந்தத் தீனியை நிறுத்தத்தான் ஃபுளோரைடு.

அணுக்களை எண்ண ஊதா மூடி. ரத்தம் உறையாமலிருக்க அதில் பொட்டாசியம் கலந்த மருந்து. ஊதாவில் எடுத்ததை வேறு டியூபில் ஊற்றிச் சமாளித்தால், பொட்டாசியம் கன்னாபின்னாவென்று ஏறிக் காட்டும்.

நான் சுலபமென்று நினைத்த இன்னொரு படிப்பு, அவள் அண்ணனின் ஹோட்டல்-கேட்டரிங் டிப்ளமோ. மெத்தை விரிப்பின் மூலையை 45 டிகிரியில் மடித்துச் செருகுவது அவனுக்குப் பாடம். நர்சிங் வகுப்பிலும் அதே மடிப்புதான்!

நேற்று டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். வழக்கமாக ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வேன். நேற்று மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.