நோயைத் தடுப்பது புகையா? கண்காணிப்பா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் புகை அடிச்சா போதும்கிறார். ஐயா, புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும்; தொட்டியில் நெளிகிற புழுவை என்ன செய்யும்? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நாம் மூடாமல் வைத்த நல்ல தண்ணீரில் பிறக்கிறது. முட்டைக்கு 7, 10 நாளில் இறக்கை முளைத்துவிடும்! 100 வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்கிற கணக்குதான், காய்ச்சல் பரவுமுன் அடிக்கும் மணி. கணக்கெடுக்க வரும் சுகாதாரப் பணியாளரிடம் நாம் என்ன சொல்கிறோம்? "எங்க வீடு சுத்தம்மா, பக்கத்து வீட்டைப் பாருங்க!" (சிரிப்பு)

1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றையே அறுத்து, மலேரியாக் கிருமியைக் கண்டார். நமக்குத் தொட்டியை எட்டிப் பார்க்க நேரமில்லையா? (கைதட்டல்) அந்த அம்மாவை வாசலோடு அனுப்பினால், நாளைக்கு நம்ம குழந்தையும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் ஒரே வார்டில் படுத்திருக்கும்! கண்காணிப்பே என்று தீர்ப்பு வழங்குங்கள்.