அவையும் அறையும்



மேலைநாட்டு நவீன நாடகம் குறித்துப் பேசப் புகும்போதெல்லாம், 'கணவனையும் மக்களையும் துறந்து செல்லும் பெண் அவர்தம் பண்பாட்டுக்கு உரியவள். நமக்கு அயலாள்' என்றொரு கூற்று எழுவதுண்டு. அக்கூற்று ஆராயத்தக்கது.

நார்வே நாட்டு இப்சனின் 'பொம்மை வீடு' 1879ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் அரங்கேறியது. கணவனின் உயிர் காக்க, தந்தையின் கையொப்பத்தைத் தானே இட்டுக் கடன் பெற்றவள் நோரா. உண்மை வெளிப்பட்டபோது கணவன் அஞ்சியது தன் பெயர் கெடுமே என்றுதான். எட்டாண்டு இல்லறத்தில் தான் வெறும் பொம்மையாய் இருந்ததை அவள் உணர்கிறாள். கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிறாள். ஐரோப்பாவும் இம்முடிவை எளிதில் ஏற்கவில்லை. உறங்கும் மக்களைக் கண்டு நோரா தங்கிவிடுவதாக, 1880இல் செருமானிய மேடைக்கென மாற்று முடிவொன்றை இப்சனே எழுதித்தர நேர்ந்தது. நோரா அங்கும் அயலாளாகவே வந்தாள்.

நம் மண்ணுக்கு வருவோம். செங்கற்பட்டு வட்டாரச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் திருவிழாவின்போது விடியவிடியப் பாரதக் கூத்து நிகழும். துகிலுரிதல் கூத்தில் எழும் வினா ஊரறிந்தது: தன்னைத் தோற்றபின் மனைவியைப் பணயம் வைக்கக் கணவனுக்கு உரிமை ஏது? மனைவி உடைமையா என்பதே அதன் உட்பொருள். நோராவின் வினாவும் அதற்கு அயலன்று. திரௌபதி அவையில் கேட்டாள். அறம் நுட்பமானது என்று வீட்டுமன் ஒதுங்கினான். விகர்ணன் சொல் அவையேறவில்லை. நோரா வீட்டின் அறையில் கேட்டாள். விடையைத் தானே தேடிப் புறப்பட்டாள்.

இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துப் பம்மலின் பெயரைத் தம் பெயரில் தாங்கிய சம்பந்த முதலியார், 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அவருடைய 'மனோகரா'வில் கணவனால் புறக்கணிக்கப்பட்ட அரசி பத்மாவதியைக் காண்கிறோம். அவள் துயரம் மேடையேறியது. மகனின் சினத்தை அடக்கும் அவள் பொறுமையும் போற்றப்பட்டது. அவளுக்கென்று ஒரு வினா மட்டும் எழவில்லை. தமிழ்க் குடும்ப நாடகத்தின் குறை அங்கே தொடங்குகிறது.

மாமல்லைக் கடற்கரையில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் குடைந்த ஒற்றைக்கல் தளிகளுள் சிறியதைப் பிற்காலத்தார் 'திரௌபதி ரதம்' என்றனர். வடிவம் கூரை வேய்ந்த குடிசை; கருவறையில் நிற்பவளோ கொற்றவை. குடிசையின் அழகைப் பாடியோர் பலர். உள்ளே நிற்பவளின் வினாவைப் பாடுவது கவிஞர்களின் கடன். அவ்வினாவை நோராவிடம் இரவல் பெற வேண்டியதில்லை. கூத்துக்களத்தில் அது விடையின்றி இன்னும் நிற்கிறது.