படையில்லா நாட்டின் மீது ஒரு போர்

மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தா ரிக்கா என்னும் சிறு நாட்டுக்கு இராணுவம் கிடையாது. உள்நாட்டுப் போரொன்று முடிந்ததும், 1948ஆம் ஆண்டிலே, அந்நாடு தன் படையைக் கலைத்துவிட்டது. அத்தகைய நாட்டின் ஜனாதிபதி ரொட்றிகோ சாவெஸ், 2022 மே மாதத்திலே பதவியேற்ற கையோடு அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, தமது நாடு போரில் நிற்கின்றது என்று கூறினார். எல்லையில் ஒரு சிப்பாயும் தோன்றவில்லை. ஒரு வேட்டும் தீரவில்லை.

பகைவர், ‘கொன்ரி’ என்னும் பெயருடைய கப்பக்காரர் கூட்டத்தினர். வீட்டினுட் புகுந்த கள்வன், பத்திரங்களைப் படியெடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அறைக்கும் தன் பூட்டைப் போட்டுவிட்டுத் திறவுகோலுக்கு விலை பேசினால் எப்படியிருக்கும்? கப்ப மென்பொருளின் வேலை அதுவே. பணம் வராவிடின் பத்திரங்கள் உலகறிய வெளியிடப்படும். 2022 ஏப்பிரலில் நிதி அமைச்சின் கணினிகள் இவ்வாறு பூட்டப்பட்டன. முதலிற் கேட்கப்பட்ட கப்பம் ஒரு கோடி டொலர். பின்னர் இரண்டு கோடி. அரசாங்கம் கொடுக்க மறுத்தது.

மறுத்ததன் விலையைச் சாதாரண மக்களே செலுத்தினர். சுங்கத்தின் கணினிகள் ஓய்ந்தமையாற் சரக்குகள் தேங்கின. வரி கணக்கிடுவது மீண்டும் கைவேலையாயிற்று. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. மாத முடிவை எண்ணி வாழும் குடும்பத்துக்கு இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ? மே 31ஆம் தேதி, ‘ஹைவ்’ என்னும் பெயரிலான மென்பொருள் சமூகப் பாதுகாப்பு நிதியத்தைத் தாக்கிற்று. நாட்டின் பொது வைத்தியசாலைகளை நடத்துவது அந்நிதியமே. நோயாளர் குறிப்பேடுகள் யாவும் கணினியிலிருந்தன; வைத்தியர்கள் மீண்டும் காகிதத்தை எடுத்தனர்.

இதனைப் போர் என்பது மிகையென்று சொல்வாருமுளர். கள்வன் வேறு, பகைவன் வேறு என்பது அவர் வாதம். ஆனால் அந்த வேலியைக் கள்வர்களே பிடுங்கிவிட்டனர். 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குட் படை செலுத்தியபோது, கொன்ரி கூட்டம் ரஷ்யாவுக்கு ஆதரவென வெளிப்படையாக அறிவித்தது. கொஸ்தா ரிக்காவிலோ, அரசாங்கத்தைக் கவிழ்ப்பதே தன் நோக்கமென எழுதிற்று. வீதியில் இறங்குமாறு மக்களைத் தூண்டவுஞ் செய்தது. பணம் பறிக்க வந்தவன் ஆட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவனைக் கள்வன் என்று மட்டும் எவ்வாறு அழைப்பது?

ரஷ்ய ஆதரவு அறிவிப்பால் வெகுண்ட ஒருவர், கூட்டத்தின் உள் உரையாடல்களை வெளியிட்டுவிட்டார். அவற்றைப் படித்தவர்கள் வியந்தது ஒரு செய்தியைக் கண்டே: கூட்டத்திலிருந்தோர் மாதச் சம்பளம் வாங்கினர், ஆட்சேர்ப்புக்கெனத் தனி ஆட்களும் இருந்தனர். ஏறக்குறைய ஒரு கந்தோரைப் போலவே!

சுங்கத்தின் கணினிகள் மீண்டும் இயங்கத் தொடங்கியது ஜூன் மாதத்திலேதான். அதற்கு முன்னரே கொன்ரி என்ற பெயரை அக்கூட்டம் கைவிடத் தொடங்கியிருந்தது; அதிலிருந்தோர் வேறு பெயர் கொண்ட கூட்டங்களிற் கலந்துகொண்டனர்.