குளியலறைக்குள் கேஸ் கீசர்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வீட்டுக்குள் இருக்கும் சுற்றுச்சூழல் ஆபத்துகள்" என்று செயலாளர் எனக்குத் தலைப்பு கொடுத்தார். கொசுவத்தி, பெயின்ட் வாடை, குப்பை என்று எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் தொட்டுவிட்டுப் போகலாம். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை மெதுவாகக் கெடுப்பவை. இது ஒரே குளியலில் உயிரை எடுக்கக்கூடியது.

கேஸ் முழுதாக எரிய நிறையக் காற்று வேண்டும். கீசர் ஓடும்போது அடுப்பின் ஒரு பர்னரைப்போல் நாலைந்து மடங்கு கேஸ் எரிகிறது. நம் குளியலறையோ கையை நீட்டினால் சுவர் இடிக்கும். மார்கழிக் குளிருக்கு ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். உள்ளே ஆக்சிஜன் குறையக் குறைய, கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது.

"வாடை வந்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். தெரியாது. சிலிண்டர் கேஸின் வாடையே, கசிவு தெரியட்டும் என்று கலக்கும் எத்தில் மெர்காப்டனுடையது. கேஸ் எரிந்ததும் அது போய்விடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்கூட எரியாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி வரும். காய்ச்சல் இருக்காது. நாம் பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுப்போம். குளித்தால் வருகிறது, வெளியே வந்தால் தெளிகிறது என்றால் சந்தேகப்படுங்கள். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். வயிற்றுக் குழந்தையை இது கூடுதலாகப் பாதிக்கும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக் கிடந்தாலும் 98 என்று காட்டக்கூடும். இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் ஃபேன் எதை வெளியே தள்ளும்? கீசரை யூட்டிலிட்டி பால்கனியில் மாட்டி, குழாய் வழியே வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். ஆனால் மழைச்சாரலுக்காக அந்தப் பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்த வீடுகள் நம்மிடம் நிறைய. அடைத்துவிட்டால் அதுவும் இன்னொரு அறைதான். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். (கதவைச் சாத்திக்கொண்டு கரித்தணலில் சாம்பிராணி போடும் பாட்டிமார்களுக்கும் இதே விஷயம்தான். ஜன்னல் திறந்திருக்கட்டும்.)

உள்ளே போனவர் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லையென்றால் யோசிக்காமல் கதவை உடையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு போய் அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். பிறகு கேஸை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். கேஸ் கீசர் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தவர் குளியலறையில் சங்கத்துக்கு என்ன வேலை என்று கமிட்டியில் ஒரு கருத்து வந்தது. சொந்த வீட்டுக்காரருக்கு அது சரியாக இருக்கலாம். வாடகைக்கு வருகிறவருக்கு கீசரை மாட்டியது யார், எப்போது சர்வீஸ் ஆனது என்று எதுவும் தெரியாது. சாவி கொடுக்கும் நாளில் சங்கம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? குடிபுகும்போது கொடுக்கும் படிவத்தில் இதற்கு ஒரு வரி சேர்க்கக் கேட்டிருக்கிறேன்.

செக்யூரிட்டி மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. கேஸ் கீசர் உள்ளவர்கள் பிளாட் எண்ணை எழுதுங்கள். மெக்கானிக்கை ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் வரவழைத்துவிடலாம்.