கோபே நகரில் ஆகார நெறி



ஆதிபகவனாம் விருஷப தேவர் துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணாநோன்பிருந்து, பின் ஆகாரம் ஏற்க ஊர்தோறும் எழுந்தருளியபோது, எதிர்கொண்ட மக்கள் அன்பில் குறைந்தவரல்லர். யானை, குதிரை, அணிகலன் எனத் தம்மிடமிருந்த உயர்பொருளையெல்லாம் கொணர்ந்து நின்றனர். துறவிக்கு எதனை, எம்முறையில் அளிப்பது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சர் முற்பிறவி நினைவு பெற்றுக் கருப்பஞ்சாறு வழங்கிய நாளையே அட்சய திருதியையாகக் கொண்டாடுகின்றோம்.

பண்ருட்டியிலிருந்தோ நெய்வேலி நகரியத்திலிருந்தோ ஜப்பானுக்குப் பணிமேற் செல்லும் சமண இளைஞர் காண்பதும் அத்தகைய விருந்தோம்பலையே. (இல்லறத்தாரைத் தீர்த்தங்கரரோடு ஒப்பிடுவதன்று இது, ஒப்புமை, அளிப்போரின் அறியாமையளவில் நிற்பது.) காய்கறி உணவு வேண்டுமென்றால் காய்கறியே தருவர். ஆனால் அது கிடக்கும் சாற்றின் பெயர் ‘தாஷி’. கட்சுவோ என்னும் மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் சீவிய சீவல்களைக் கொதிநீரிலிட்டு வடித்தது அது. ஊதோன் கூழிழை, மிசோ சாறு, வறுத்த காய்க்குத் தொட்டுக்கொள்ளும் நீர் என எங்கும் அது புகுந்திருக்கும். வடித்த நீரைப் பரிமாறுபவர் மீனென்றே எண்ணுவதில்லை. அவர் பொய் சொல்லவுமில்லை. பௌத்த மடங்களின் ‘ஷோஜின்’ உணவில் மீன் இல்லை. வெங்காயம், பூண்டும் இல்லை. ஆயினும் காளானும் தாமரைக்கிழங்கும் முள்ளங்கியும் அதில் தாராளமாக உண்டு. பௌத்தருக்குத் தூயதாவது கிழங்கு விலக்கும் சிராவகருக்கு முற்றும் பொருந்துவதன்று.

எனினும் அந்நாட்டில் நெறியோடு வாழ்ந்து காட்டியோர் உளர். முத்து வணிகத்தின் பொருட்டுக் கோபே நகரில் குடியேறிய குஜராத்திச் சமணர், 1985ஆம் ஆண்டில் அந்நகரின் கிட்டானோ பகுதியில் பகவான் மகாவீரருக்கு வெண்சலவைக்கல் ஆலயம் எழுப்பினர். அவர் சுவேதாம்பர மரபினர். தமிழ்ச் சமணர் திகம்பர மரபினர். வடித்த நீரும் பகலுணவும் இரு மரபுக்கும் பொது.

கோபே மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நகரம். பின்னே 931 மீட்டர் உயரமுள்ள ரொக்கோ மலை. அதிவிரைவுத் தொடர்வண்டி நிற்கும் ஷின்-கோபே நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் நுனோபிகி அருவி. இன்று அடர்ந்திருக்கும் அம்மலை, ஒரு நூற்றாண்டுக்கு முன் மரமின்றி மொட்டையாயிருந்தது. மழைதோறும் மண் சரிந்தது. 1902இல் மரம் நடத் தொடங்கினர். சுரங்கத்து மண்மேட்டில் காடு எழுவதைக் கண்ட நெய்வேலி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

புத்துணவைத் தேடுவோர் செல்ல வேண்டியதும் உணவகத்துக்கன்று, மண்ணுக்கு அருகில். கோபே நகர எல்லைக்குள்ளேயே வடக்கிலும் மேற்கிலும் வயல்கள் உண்டு. நகர் நடுவே ஹிகாஷி யூயென்சி பூங்காவில் சனிக்கிழமைக் காலைகளில் உழவர் சந்தை கூடுகிறது. ஜப்பானின் ஊர்ப்புறங்களில் ஆளில்லாக் கடைகளும் உண்டு. காயை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் இட்டு வர வேண்டும். (திருடாமை என்னும் அணுவிரதத்தைப் பெயரறியாமலே காக்கும் மக்கள்!) கோடையில் கத்தரி, வெள்ளரி, பூசணி, ‘கோயா’ எனப்படும் பாகல், நம் வெண்டை அங்கே ‘ஒக்குரா’. இலையுதிர் காலத்தில் ‘காக்கி’ என்னும் செம்மஞ்சட் பழம். முழுக்காயில் மறைவேதுமில்லை: அரிந்து பார்க்கலாம், புழுவிருந்தால் விலக்கலாம். பொதிந்து விற்கும் பண்டத்தில் இந்த ஆராய்ச்சிக்கு இடமேயில்லை. பலாவைத் தட்டிப் பார்த்து வாங்கும் பண்ருட்டியாருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

இவற்றினும் கடியது பொழுது. டிசம்பர்த் தொடக்கத்தில் கோபேயில் மாலை 4.50க்குள் ஞாயிறு மறைந்துவிடும். ஜூன் இறுதியிலோ 7.15க்கும் பின்னரே மறையும். பண்ருட்டியில் ஆண்டு முழுதும் இவ்வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஆதலால் வீட்டில் இரவு உண்ணாமையை எளிதிற் காத்த பிள்ளை, அங்கே முதற் குளிர்காலத்திலேயே தளர்கிறான். அலுவலகம் முடியுமுன் இருள் வந்துவிடுகிறது. ஒரு நாள் விட்ட விரதம் மறுநாள் எளிதாக விடுபடுகிறது. பிறகு வீட்டாரிடம் சொல்வதுமில்லை.

இதற்கு வழி உண்டு. ‘பெந்தோ’ என்னும் கட்டுசோற்றைப் பணியிடத்துக்கு எடுத்துச் செல்வது அந்நாட்டாரின் அன்றாட வழக்கம். நண்பகலில் நிறைவாக உண்டு, நான்கு மணிக்குச் சோறும் அவித்த பூசணியும் பழமும் கொண்ட சிறு பெட்டியைத் திறப்பவரை எவரும் வியந்து நோக்கார். ஆனால் அப்பெட்டியை விடியலில் நிரப்பத் தெரிந்திருக்க வேண்டும். பயணப்பெட்டியில் பொடியும் ஊறுகாயும் அடுக்கும் பெற்றோர், புறப்படுமுன் ஒரு திங்களேனும் மகனை அடுப்படியில் நிறுத்திச் சோறு வடிக்கவும், நீர் வடிக்கும் துணியைத் துவைத்து உலர்த்தவும், மீன், இறைச்சி, முட்டை என்னும் மூன்று சொற்களை ஜப்பானிய எழுத்தில் அடையாளம் காணவும் பழக்குவார்களாக.