இடம் மாறினால் இருதயம் மாறுமா?

இப்பாடசாலையை விட்டபின் நாம் எத்தனையோ ஊர்களுக்கு வீடு மாறியவர்கள். வீட்டோடு உடல்நலமும் மாறுகிறதா?

1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் 5 நகரங்களில், வறிய அரச குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு, வறுமை குறைந்த அயலுக்குச் செல்லக் குலுக்கல் முறையில் வாடகை உதவி வழங்கப்பட்டது. 10 முதல் 15 ஆண்டுகளின் பின் அத்தாய்மாரைப் பரிசோதித்தபோது, உதவி கிடைக்காதோரைவிட அவர்களிடம் கடும் உடற்பருமனும் நீரிழிவும் குறைவாகவே காணப்பட்டன. இரண்டுமே இருதய நோய்க்கு வழிவிடுபவை.

ஆகவே, “நடவுங்கள், மரக்கறி சாப்பிடுங்கள்” என்று பிறருக்குச் சொல்லுமுன், அவர்கள் தெருவில் பயமின்றி நடக்கலாமா, பக்கத்தில் மரக்கறி வாங்கலாமா என்று நாம் கேட்போம். வீடு மாற வசதியற்றோரின் அயலைத் திருத்துவதும் இருதய வைத்தியமே.